மறுமை நம்பிக்கைகளும் நோயுற்றார் தலைமாடும்

பிறந்தவர் இறப்பர் என்பதில் எச்சமயத்தாரும் மாறுபட்டதில்லை. இறந்தபின் யாது நிகழும் என்பதில்தான் சமயங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. நலமாக இருக்கும்போது இவ்வேறுபாடு நமக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. திண்ணையில் அமர்ந்து பேசவும், பட்டிமன்றத்தில் வாதிடவும், தேர்வுத்தாளில் எழுதவும் அது ஒரு பொருளாக அமைந்துவிடுகிறது. ஆனால், இனித் தீராது என்று மருத்துவர் கைவிரித்த நோயொன்று இல்லத்தில் நுழையுமானால், அதுவரை ஏட்டில் இருந்த மறுமை படுக்கையருகே வந்து நின்றுவிடுகிறது.

அப்படுக்கையைச் சுற்றி நிற்போர் அனைவரும் ஒரே நம்பிக்கையினர் அல்லர். நம் நாட்டு மருத்துவமனைக் கூடமொன்றில் அடுத்தடுத்த கட்டில்களில் முஸ்லிமும் சைவரும் கிறித்தவரும் மறுமையை மறுக்கும் பகுத்தறிவாளரும் படுத்திருக்கின்றனர். ஒரே குடும்பத்திலும் தந்தையின் நம்பிக்கை ஒன்றாகவும் மகனின் நம்பிக்கை வேறாகவும் இருத்தல் உண்டு. இந்நிலையில், நலம் கேட்கச் செல்வோர் கடன் யாது? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மன்றமும் அம்பலமும்

தமிழிலக்கியத்துள் மறுமை பற்றிய கொள்கை மாறுபாட்டினை விரிவாகக் காட்டும் நூல் மணிமேகலை ஆகும். அதன் இருபத்தேழாம் காதையில், வஞ்சி மாநகரில் மாதவன் வடிவம் கொண்ட மணிமேகலை அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பல சமயக் கணக்கரின் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். ஆங்கே வினையும் மறுபிறப்பும் பேசப்படுகின்றன. இவ்வுடலோடு எல்லாம் முடிந்தது என்னும் பூதவாதமும் பேசப்படுகிறது. பூதவாதியை அவள் நகைத்து மறுக்கவும் செய்கிறாள். வாதிடுவதற்குரிய இடம் அது. ஆதலின் அச்செயலில் குறையொன்றும் இல்லை.

ஆயினும் அதே நூலில் வேறோர் இடமும் உண்டு. புகார் நகரத்து உலக அறவி என்னும் அம்பலம் அது. பற்றுக்கோடு இல்லாதாரும் பிணியால் நலிந்தாரும் ஒதுங்கும் அவ்விடத்தில், அமுதசுரபி ஏந்தி நின்று மணிமேகலை உணவளிக்கிறாள். அப்பாத்திரத்தை அவளுக்கு முன் பெற்றிருந்த ஆபுத்திரனும் மதுரையில் கண்ணிழந்தோர், செவியிழந்தோர், நடக்க இயலாதோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்தே உணவளித்தான். அங்கே எவரிடமும் கொள்கை வினவப்படவில்லை. வஞ்சியில் வாதிட்டவளும் புகாரில் வாளாது உணவளித்தவளும் ஒருத்தியே என்பது ஈண்டு எண்ணத்தக்கது. மன்றத்திற்குரிய நெறி வேறு, அம்பலத்திற்குரிய நெறி வேறு என்பதை அவள் அறிந்திருந்தாள். நோயுற்றார் தலைமாடு மன்றம் அன்று, அம்பலம் ஆகும். இதுவே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

வேறுபாடு மெய்யானது

இவ்வாறு கூறுவதால், எல்லாச் சமயங்களும் ஒன்றையே கூறுகின்றன என்று நாம் சொல்வதாகக் கருதலாகாது. அவை ஒன்றையே கூறவில்லை. இஸ்லாம் மறுபிறப்பை ஏற்பதில்லை. மனிதன் ஒருமுறை பிறந்து ஒருமுறை இறக்கிறான். மண்ணறை வாழ்வாகிய பர்ஸகு, பின்னர் எழுப்பப்படுதல், மஹ்ஷர் பெருவெளியில் கேள்வி கணக்கு, அதன்பின் சுவனமோ நரகமோ என்பது அதன் கோட்பாடு. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறி, உயிரானது வினைக்கீடாகப் பல பிறவி எடுத்து, மலம் நீங்கி இறைவன் திருவடி சேர்வதே முத்தி என்று உரைக்கும். வைணவர் வைகுந்தம் புகுந்து திருமாலுக்குத் தொண்டு புரிதலை வேண்டி நிற்பர். பௌத்தம் நிலையான ஆன்மா இல்லை என்றும், பிறவித்தொடர் மட்டும் உண்டு என்றும் மொழியும். கிறித்தவம் உடலின் உயிர்ப்பையும் இறுதித் தீர்ப்பையும் நம்புகிறது.

சமணரோ இறுதியைத் தாமே எதிர்கொள்ளும் சல்லேகனை என்னும் உண்ணாநோன்பினைப் போற்றினர். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் நோன்பிருந்து உயிர்நீத்த செய்தி கல்லில் வெட்டப்பட்டுள்ளது. இந்நோன்பு தற்கொலைக்கு ஒப்பானது என்று 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை அதே மாதத்தில் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. உயிர் இறைவனின் அமானிதம், அதனைத் தானே போக்கிக்கொள்ள மனிதனுக்கு உரிமை இல்லை என்று கருதும் முஸ்லிமுக்கு இந்நோன்பு உடன்பாடானதன்று. சமணருக்கோ அது பற்றறுத்தலின் உச்சம். இத்தகைய வேறுபாடுகளைச் சொற்களால் பூசி மறைத்தல் அறிவுடைமை ஆகாது. வேறுபாடு மெய்யானது என்பதனாலேயே தலைமாட்டில் அமர்வோர்க்கு நெறி ஒன்று தேவைப்படுகிறது.

மருந்தும் புண்ணும்

ஒருவருக்கு மருந்தாகும் நம்பிக்கைமொழி, பிறர் வாயிலிருந்து வரும்போது புண்ணாக மாறுதல் உண்டு. முன்வினையே இந்நோய் என்று நோயுற்றவர் தாமே எண்ணி அமைதி கொள்வாராயின் அது அவருக்கு ஆறுதல். நலம் கேட்க வந்தவர் அதனையே எடுத்துரைப்பாராயின் அது குற்றச்சாட்டு. அவ்வாறே, நோயின் துன்பம் பாவங்களுக்குப் பரிகாரமாகிறது என்னும் நபிமொழிக் கருத்து முஸ்லிம் நோயாளிக்குப் பெரும் ஆறுதல் தருவது. அதனை உறவினர் ஒருவர் திரித்து, ‘என்ன பாவம் செய்தாரோ’ என்று வாயிற்படியில் நின்று முணுமுணுப்பாராயின், அருளாக வந்த சொல் அம்பாகிவிடுகிறது.

இதற்குச் சான்றாக அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறலாம். பொறுமைக்கு இலக்கணமாகத் திருக்குர்ஆன் காட்டும் அப்பெருமகனாரைக் கிறித்தவர் யோபு என்பர். விவிலியத்திலுள்ள யோபு நூலில், நோயுற்ற அவரைத் தேற்ற நண்பர் மூவர் வருகின்றனர். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து ஒன்றும் பேசாதிருக்கின்றனர். பின்னர் பேசத் தொடங்குகின்றனர். குற்றம் செய்யாதவனுக்கு இத்துன்பம் வருமா என்று வாதிடுகின்றனர். நூலின் முடிவில் இறைவன் கடிந்துகொள்வது அந்நண்பர்களையே. அவர்கள் பேசாதிருந்த ஏழு நாளும் நண்பராக இருந்தனர். வாய் திறந்தபின் வழக்குரைப்போர் ஆயினர். நலம் கேட்கச் செல்வோர் ஒவ்வொருவரும் இவ்வேறுபாட்டினை நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

மறைத்தல் தகுமா?

அடுத்து நாம் நோக்கவேண்டியது, நோயின் உண்மையை நோயாளியிடம் மறைக்கும் வழக்கம். எல்லாச் சமயத்தார் இல்லங்களிலும் இது காணப்படுகிறது. அன்பினால் செய்வதே எனினும், இதன் விளைவு என்ன என்பதைச் சிந்திக்கவேண்டும்.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில், துணி வணிகம் செய்த பெரியவர் ஒருவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் முற்றியிருந்தது. வயிற்றுப்புண் என்றே மக்கள் அவரிடம் கூறிவந்தனர். அவரும் கடைக்கு எப்போது போகலாம் என்று கேட்டபடியே இருந்தார். அவர் மறைந்த மூன்றாம் நாள், எழுத்தில்லாமல் கொடுத்த கடனைக் கேட்டு இருவர் வந்தனர். அக்கடன் மெய்யா பொய்யா என்று சொல்லவல்லவர் கபுறுக்குள் இருந்தார். பல்லாண்டுகளாகப் பேச்சற்றிருந்த தம்பியோ, ‘எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் காலைப் பிடித்தாவது பொருத்தம் கேட்டிருப்பேனே’ என்று அழுதார். அந்தப் பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர். தந்தையின் மனம் உடையக்கூடாது என்று எண்ணியவர்கள். ஆனால், மனம் உடையாமல் காத்த அவர்கள், தந்தை தம் கணக்கை முடித்துக்கொள்ளும் வாய்ப்பினைத் தம்மை அறியாமலே பறித்துவிட்டனர்.

இஸ்லாமிய நெறியில் ஹக்குல் இபாத் எனப்படும் மனிதர் உரிமை மிகப் பெரிது. அடியான் இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் நாடினால் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குறைக்கோ அம்மனிதனே பொருந்திக்கொள்ளவேண்டும். சொத்தினைப் பங்கிடுமுன் கடன் தீர்க்கப்படவேண்டும். மரண சாசனமாகிய வஸிய்யத்து மூன்றில் ஒரு பங்கினை மிஞ்சலாகாது. இவையெல்லாம் தன் நிலை அறிந்தவரால் மட்டுமே செவ்வனே செய்யத்தக்கவை.

இவ்விடத்தில் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் செய்தி பொருத்தமுடையது. இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் அவர்கள் கடுநோயுற்றார்கள். மரணம் நெருங்கிற்று என்று கருதி, தம் பொருளில் பெரும்பகுதியை அறத்திற்கு வழங்கலாமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். மூன்றில் ஒன்று போதும், அதுவும் மிகுதியே, வாரிசுகளை வறியவராக விடவேண்டா என்பது அண்ணலார் தந்த விடையின் கருத்து. நோயாளியோடு மரணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய பேச்சு இது. அப்பேச்சினால் அவர் உள்ளம் ஒடிந்து மாய்ந்துவிடவில்லை. நலம் பெற்று, காதிஸிய்யாப் போரில் படைத்தலைமை தாங்கிப் பல்லாண்டு வாழ்ந்தார். உண்மையைப் பேசினால் நோயாளி அஞ்சியே இறந்துவிடுவார் என்போர்க்கு இது தக்க விடையாகும்.

உண்மையைச் சொல்லுதல் என்பது, நாள் குறித்துச் சொல்லி அச்சுறுத்துதல் அன்று. அவர் கேட்கும்போது, அவர் தாங்கும் அளவிற்கு, அவர் விரும்பும் ஒருவர் வாயிலாக அறியச் செய்தலே ஆகும். மறுபிறப்பை நம்புவோர்க்கும், தீர்ப்பை நம்புவோர்க்கும், மறுமையே இல்லை என்போர்க்கும் இதில் வேறுபாடு இல்லை. அக்கரை எதுவாயினும், இக்கரையில் முடிக்கவேண்டிய பணிகள் எல்லார்க்கும் உண்டு.

இறுதி நினைவு

சாகுங்கால் நினைவு எங்கு நிற்கவேண்டும் என்பதில் சமயங்கள் பெரிதும் அக்கறை கொண்டுள்ளன. முஸ்லிம் இல்லத்தில் கலிமாவைச் சொல்லிக்கொடுப்பர், யாசீன் ஓதுவர். சைவ இல்லத்தில் திருநீறு இட்டுத் திருவாசகம் ஓதுவர். வைணவர் துளசித் தீர்த்தம் வாயில் விடுவர். கத்தோலிக்கர் குருவை அழைத்து நோயில்பூசுதல் பெறுவர். முன்னாளில் உயிர் பிரியும் வேளைக்கே உரியதாகக் கருதப்பட்ட இவ்வருட்சாதனம், அவ்வேளைக்கு மட்டும் உரியதன்று என 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது.

இதில் நாம் வியக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. பெரியாழ்வார் திருவரங்கத்துப் பெருமானை நோக்கிப் பாடிய பதிகமொன்றில், இறுதி நேரத்தில் புலன்கள் கலங்கி நினைக்க இயலாது போகக்கூடும் என்று கருதி, நல்ல நிலையில் இருக்கும்போதே தம் விண்ணப்பத்தை முன்வைக்கிறார். உடல் நலிவால் நாவும் நினைவும் தளரும் என்பதை அறிந்த உள்ளத்தின் வேண்டுகோள் அது.

இஸ்லாமியச் சட்ட அறிஞரும் இத்தளர்ச்சியை நன்குணர்ந்திருந்தனர். கலிமாவைச் சொல் என்று கட்டளையிடாது, நோயாளியின் செவியில் விழுமாறு மென்மையாக மொழியவேண்டும் என்றும், ஒருமுறை அவர் மொழிந்துவிட்டால், வேறு பேச்சு பேசாதவரை மீண்டும் மீண்டும் வற்புறுத்தலாகாது என்றும் அவர்கள் அறிவுறுத்துவர். கி.பி. 797இல் மறைந்த பேரறிஞர் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் அவர்களின் இறுதி வேளையில் ஒருவர் அடுத்தடுத்துச் சொல்லிக்கொடுக்க, ஒருமுறை மொழிந்தபின் வேறு பேசாதவரை அதன்மீதே தாம் நிலைத்திருப்பதாக அவர்கள் உரைத்த செய்தியைத் திர்மிதீ தம் தொகுப்பில் பதிவு செய்துள்ளார். தன் சமயத்தானிடத்திலேயே வற்புறுத்தல் கூடாதென்றால், பிற நம்பிக்கையாளரிடத்தில் அது எவ்வாறு கூடும்?

ஓர் ஐயமும் விடையும்

இங்கே நம் மாணவர் ஓர் ஐயம் எழுப்பலாம். உண்மை என்று தான் நம்பியதை இறுதி வேளையிலேனும் எடுத்துரைப்பது அன்பின் கடமை அன்றோ? நோயுற்ற யூதச் சிறுவனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஸ்லாத்திற்கு அழைத்ததாகப் புகாரீ தொகுப்பில் செய்தி இல்லையா?

உண்டு, அதனை முழுதும் நோக்கவேண்டும். அச்சிறுவன் அண்ணலாருக்குப் பணிவிடை செய்துவந்தவன். பழக்கமும் அன்பும் முன்னரே இருந்தன. அவன் நோயுற்றபோது அண்ணலார் அவன் இல்லம் தேடிச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். அழைப்பு விடுத்தபோது அவன் தந்தை அங்கேயே இருந்தார். சிறுவன் தந்தையின் முகத்தை நோக்கினான். தந்தை இசைவு தந்தார். அதன்பின்னரே அவன் ஏற்றான். மறைவு இல்லை, அச்சுறுத்தல் இல்லை, உறவினரை விலக்கிவைத்தல் இல்லை. நினைவிழந்தவர் செவியில் எதையேனும் ஓதிவிட்டு வெற்றி கொண்டாடுவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது திருக்குர்ஆன் வகுத்த நெறி; எதிர்த்துப் பேச வலிமையற்றுக் கிடப்பவரிடத்தில் அந்நெறி இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது.

மறுமையை நம்பாதவருக்கும் இவ்வுரிமை உண்டு. கடவுள் மறுப்பில் உறுதியாக நின்ற தந்தை பெரியார், கிறித்தவத் தொண்டில் பிறந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1973 டிசம்பர் 24 அன்று காலமானார். அவர் கொள்கையை நாம் ஏற்பதில்லை. ஆயினும், கொள்கையால் மாறுபட்டவர் ஒருவரின் இறுதி நோய்க்குச் சமயத்தார் நிறுவிய மருத்துவமனை இடமளித்ததும், அவர் அங்கே சென்றதும் தமிழ்நாட்டின் பண்பாட்டுச் செல்வம் என்றே கருதுகிறோம்.

வலி தணிப்பதும் அறமே

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். நான்காமவர் இல்லாமல் மருத்துவம் நிறைவதில்லை. தீராத நோயிலோ அவரே முதன்மை பெறுகிறார்.

1967இல் இலண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், இறக்கும் நிலையிலுள்ளவரின் வலி உடலளவில் நில்லாது உள்ளம், குடும்பம், ஆன்மிகம் ஆகியவற்றையும் தழுவியது என்று விளக்கினார். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அயலகத் தொண்டர் அமைப்பாக வளர்ந்தது. பல சமயத்தைச் சார்ந்த தொண்டர்கள் சிறுதொகை திரட்டி, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பேணினர். 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக்கொள்கை வகுத்தது.

இங்கே நம் சமுதாயத்தார் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வலியைப் பொறுத்தால் பாவம் கழியும் என்றும், மார்பின் போன்ற மருந்து அறிவை மயக்கிக் கலிமாவை மறக்கச் செய்யும் என்றும் அஞ்சிச் சிலர் அம்மருந்தை மறுக்கின்றனர். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் அண்ணலாரே. தேவை கருதி மருத்துவர் தரும் வலி தணிப்பு மருந்தை மார்க்க அறிஞர் அனுமதித்துள்ளனர். முறையான அளவில் தரப்படும் மார்பின், வலியால் துடித்து எதையும் எண்ண இயலாதிருந்தவரை எழுந்து அமர்ந்து தொழவும் மக்களோடு பேசவும் வல்லவராக்குவதுண்டு. 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டத்தால் இம்மருந்து கிடைப்பதில் இருந்த இடர்ப்பாட்டைக் குறைக்கும் வகையில் 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் வழிவிட்டபின் நம் அறியாமை குறுக்கே நிற்றல் ஆகாது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் தலைமாட்டில் அமர்வோர் கடன்கள் சில தெளிவாகின்றன. நோயாளியின் நம்பிக்கை எதுவோ அதற்குக் காவலாக நிற்றல் முதற்கடன். முஸ்லிமுக்கு ஆலிமையும், கிறித்தவருக்குக் குருவையும், சைவருக்குத் திருமுறை ஓதுவாரையும் அழைத்துவருதல், எதையும் வேண்டாதவருக்கு எதையும் திணிக்காதிருத்தல் என்பன அதனுள் அடங்கும். அவர் அறிய விரும்பும் உண்மையை மறையாது, கடன் தீர்க்கவும் பொருத்தம் கேட்கவும் வழிசெய்தல் இரண்டாம் கடன். வலியைத் தணிக்க முயலுதல் மூன்றாம் கடன். நோய்க்குக் காரணம் கற்பியாது நாவடக்கி இருத்தல் நான்காம் கடன்.

இவற்றைச் செய்வதற்கு நம் ஈமானில் அணுவளவும் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தீர்ப்பு நாளின் அதிபதி இறைவனே என்று உறுதியாக நம்புகிறவன், அத்தீர்ப்பினைத் தான் முந்திக்கொண்டு வழங்கத் துணியமாட்டான். மாணவச் செல்வங்களே, உங்களுள் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் ஒரு கட்டிலின் அருகே அழைக்கப்படுவீர்கள். அன்று கற்ற வாதங்களை வாயிலிலேயே விட்டுச் செல்லுங்கள். ஒரு குவளை நீரும், நெற்றியில் வைக்கும் கையும், ‘ஏதேனும் செய்யவேண்டியது உண்டா?’ என்னும் ஒரு கேள்வியும் உடன்வரட்டும்.